வீதி யாருக்கு? சிக்கனம் எதில்?

ஒரு நாட்டின் வீதிப் படம் அந்நாட்டின் அதிகாரப் படமுமாகும். எந்த ஊருக்குத் தார் போடப்பட்டது, எந்த ஊரின் மதகு மூன்று மாரி கடந்தும் இடிந்தபடியே கிடக்கிறது, எந்த மலையை வெட்டுவதற்குக் கடன் கிடைத்தது, எந்த வாய்க்காலைத் தூர்வாருவதற்குக் காசில்லை என்று கைவிரிக்கப்பட்டது என்பவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். வீதியமைப்பு நிபுணர்களின் காரியம், அதில் இலக்கியச் சஞ்சிகையொன்றுக்கு என்ன அலுவல் என வினவுவோர் உளர். மக்களின் பணத்தில், மக்களின் நிலத்தின்மீது, மக்களின் பெயரால் செய்யப்படும் எக்காரியமும் மக்களின் விசாரணைக்கு உட்பட்டதே என்பதுதான் அவர்களுக்கு நாம் கூறும் விடை. விசாரிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதை நமது நாட்டின் சரித்திரமே கூறும்.

கொழும்பையும் கண்டியையும் இணைத்த பெருவீதி 1820களில், தேசாதிபதி எட்வேட் பாண்ஸின் காலத்தில் அமைக்கப்பட்டது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாலேயே மலை உடைக்கப்பட்டது. வீதியை வகுத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் 1832 இல் ஒரு கோபுரம் எழும்பிற்று. கல் சுமந்தவர்களுக்கு எக்கோபுரமும் எழும்பவில்லை. அதே 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. எனினும் 1848 இல் வேறோர் உருவில் அது மீண்டும் தலைகாட்டியது. வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்தல் வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என்றது அவ்வாண்டின் வீதிச் சட்டம். கோப்பித் தோட்டத் துரைமாரின் மூட்டைகள் துறைமுகம் செல்வதற்கு, தோட்டத்தோடு தொடர்பேதுமற்ற கிராமவாசி தன் உழைப்பையோ பணத்தையோ கொடுத்தாக வேண்டியிருந்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று.

இது பழங்கதை என ஒதுக்கத்தக்கதா? ஒருவர் பயணஞ் செய்வதற்கு மற்றொருவர் விலை கொடுக்கும் ஏற்பாடு இன்றும் மறைந்துவிடவில்லை. அதன் தோற்றம் மட்டுமே மாறியிருக்கிறது.

நமது நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரிற் கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்டது. 2013 இல் கொழும்பு–கட்டுநாயக்கா வீதியும், 2014 இல் மாத்தறை வரையிலான பகுதியும், 2020 இல் அம்பாந்தோட்டை வரையிலான நீட்சியும் தொடர்ந்தன. ஜப்பானும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் இவற்றுக்குக் கடன் தந்தன. கடன் தவணைகள் கழுத்தை நெரித்தபோது, 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அக்கடன்களெல்லாம் வீதிகளால் வந்தவையல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் வீதிகளும் அச்சுமையின் ஒரு பங்கே. சுமையை இறக்குவதற்கு வழி யாது? 2024 ஜனவரியிற் பெறுமதிசேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும் தாயும் அவ்வரியைக் கொடுக்கிறாள். நாட்டிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அதிவேக நெடுஞ்சாலையில் இடமில்லை. அங்கே பஸ்கள் ஓடுவது உண்மைதான். ஆனால் அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தன் கிராமத்திலிருந்து வருபவன் குழிகளை எண்ணிக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. 1848 இன் மூன்று சிலிங் இன்று கடைச்சீட்டில் அச்சாகிறது என்றால் அது மிகைக் கூற்றாகாது.

இந்நிலையில் இரு கூட்டத்தார் நம்முன் தோன்றி வாதிடுகின்றனர். முதற் கூட்டத்தார், அகன்ற வீதியே அபிவிருத்தி என்பர். எத்தனை வழித்தடங்கள், எவ்வளவு வேகம், எத்தனை மேம்பாலங்கள் என்பனவே அவர்களின் அளவுகோல்கள். இரண்டாங் கூட்டத்தார், பணமில்லை, ஆகவே ஒன்றுஞ் செய்வதற்கில்லை, இருப்பதைக் கொண்டு பொறுத்திருங்கள் என்பர். 2022 இன் பின்னர் இவர்களின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. முன்னவர் ஊதாரித்தனத்தை முன்னேற்றம் என்கின்றனர். பின்னவர் கைவிடுதலைச் சிக்கனம் என்கின்றனர். கூர்ந்து நோக்கின், இவ்விருவரும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பது புலனாகும். முதற் கூட்டத்தார் ஓரிடத்திற் கொட்டிய பணமே இரண்டாங் கூட்டத்தார் எல்லா இடங்களிலும் இல்லை என்று சொல்லும் பணம்.

அப்படியாயின் மெய்யான சிக்கனம் யாது? செலவின் பெரும்பகுதி கல்லிலுந் தாரிலும் பிறப்பதன்று. அது வரைபடத்திற் பிறக்கிறது. எத்தனை கிலோமீற்றர் வேகத்துக்கு வீதியை வகுப்பது என ஒரு பொறியியலாளர் முதன்முதலில் எழுதும் எண்ணே பின்வரும் செலவுகளுட் பெரும்பாலானவற்றை நிர்ணயிக்கிறது. பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே நிறுவிக் காட்டலாம். வளைவொன்றிற் செல்லும் வண்டிக்குத் தேவையான ஆரை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு வகுத்த வளைவை 100 கிலோமீற்றருக்கு மாற்றினால், ஏனையவை மாறாதிருப்பினும், ஆரை ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். தடை போட்ட வண்டி நிற்பதற்குக் கடக்கும் தூரமும் அவ்வண்ணமே வளரும். சமதரையில் இதன் பொருள் கூடுதலான காணி, உடைக்கப்படும் வீடு, இரண்டாகப் பிளக்கப்படும் வயல். மலைநாட்டில் இதன் பொருள் இன்னுங் கொடிது. சீரான சரிவொன்றில் வெட்டும் அகலம் இரட்டித்தால், வெட்டுமுகத்தின் பரப்பு நான்கு மடங்காகும். அகற்றவேண்டிய மண்ணும் நான்கு மடங்கு. மேலே ஆதாரமிழந்து நிற்கும் சரிவோ அடுத்த பெருமழைக்குக் காத்திருக்கும். பத்து நிமிட நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மலையைக் கடனாளியாக்குவது எவ்வகை விஞ்ஞானம்?

பணம் குறைந்த நாடுகளுக்கு மட்டுமே உரிய வாதம் இதுவென எவரும் எண்ணிவிட வேண்டா. செல்வத்தின் சிகரமாகக் கருதப்படும் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், வீதித் திணைக்களம் 2005 அளவில் நடைமுறைக்குகந்த வடிவமைப்பு என்னும் கொள்கையைக் கைக்கொண்டது. அப்போது அதன் பணிப்பாளராயிருந்தவர் பீற் ரான். ஓரிடத்திற் குறையேதுமற்ற வீதியை அமைத்துவிட்டு ஏனைய இடங்களைக் கைவிடுவதிலும், எங்கும் போதுமான தரமுடைய வீதிகளை அமைத்து முழு வலையமைப்பையும் உயர்த்துவதே மேல் என்பது அதன் சாரம். கைநூலிலுள்ள உச்ச அளவுகளை எடுத்து எல்லா இடங்களிலும் ஒட்டுவது நின்றது. இந்த இடத்தின் தேவை யாது என்ற கேள்வியிலிருந்து வரைபடம் தொடங்கிற்று. அதே மாநிலத்தில் 2008 இல் ஆரம்பித்த ஒரு திட்டத்தின்கீழ், 802 பழைய பாலங்கள் 2012 இன் இறுதிக்குள் திருத்தியோ மாற்றியோ அமைக்கப்பட்டன. ஒரு பெரும் பாலத்தின் திறப்புவிழாவைப் பார்க்கிலும் 802 சிறுபாலங்கள் மக்களுக்கு உதவின என்பதை விளக்கவும் வேண்டுமோ?

சுவீடனின் அனுபவம் இன்னுஞ் சிறந்த பாடம். அந்நாட்டிற் பதின்மூன்று மீற்றர் அகலமுள்ள இருவழி வீதிகள் பல இருந்தன. எதிரெதிர் மோதல்களால் அவற்றில் உயிர்கள் மலிவாக அழிந்துகொண்டிருந்தன. நான்கு வழி நெடுஞ்சாலைகளாக யாவற்றையும் மாற்றுவதற்குப் பணமும் காலமும் போதா. ஆகவே 1998 இலிருந்து, இருக்கும் அகலத்துள்ளேயே மூன்று வழித்தடங்களை வரைந்து, நடுவே கம்பிவடத் தடுப்பு நாட்டினர். நடுத்தடம் சில கிலோமீற்றர்களுக்கு ஒரு திசைக்கும், அப்பாற் சில கிலோமீற்றர்களுக்கு மறு திசைக்கும் முந்திச் செல்லும் வழியாயிற்று. புதிய காணி ஏறக்குறையத் தேவைப்படவில்லை. அவ்வீதிகளில் மரணங்களோ முக்காற் பங்குக்கு மேற் குறைந்தன. இங்கே மிச்சமாகியது பணம் மட்டுமன்று. மனித உயிருந்தான்.

ஏழை நாடுகளும் வெறுங்கையுடன் இருந்துவிடவில்லை. நோர்வேயின் ஒற்றாப் பள்ளத்தாக்கில் 1960களின் முற்பகுதியில் உருவான ஒற்றாப் பூச்சு என்னும் முறையை, 1970களின் பிற்பகுதியிலிருந்து பொற்சுவானா தன் வீதிகளுக்குக் கையாண்டது. உயர்ந்த ரகக் கருங்கல்லைத் தொலைவிலிருந்து ஏற்றிவருவதற்குப் பதிலாக, அண்டையிற் கிடைக்கும் கலப்புச் சரளையை மென்மையான தாரின் மீது பரப்பி உருட்டுவதே அம்முறை. ஓடும் வண்டிகளே அதனை மேலும் இறுக்கிவிடும். நாளொன்றுக்குச் சில நூறு வண்டிகள் மட்டும் செல்லும் வீதிக்கு அதுவே போதுமானது. அந்தந்த மண்ணுக்கும் அந்தந்தச் சுமைக்கும் ஏற்ற விடையைத் தேடும் ஒழுக்கமே இம்மூன்று நாடுகளிடமிருந்தும் நாம் கற்கவேண்டியது. முறைகளை அப்படியே பெயர்த்து நடுவதில் பயனில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும், வன்னியின் சரளையும், மலையகத்தின் வழுக்கும் செம்மண்ணும் ஒரே வரைபடத்துக்கு அடங்குவன அல்ல.

இனி, எதிற் சிக்கனஞ் செய்தல் கூடாது என்பதையும் வெட்டவெளிச்சமாகக் கூறிவிடுதல் வேண்டும். ஏனெனில் சிக்கனம் என்ற சொல்லை அதிகாரத்திலுள்ளோர் கையிலெடுத்தவுடன் முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குப் புலப்படாத பகுதிகளே.

முதலாவது, வடிகால். வீதியின் முதற்பெரும் பகைவன் நீர் என்பது ஓவசியர்மார் யாவரும் அறிந்த பாலபாடம். எனினும் கிராமங்களிற் காப்பெற் வீதி போடுவோர் வாய்க்காலை மறந்துவிடுகின்றனர். வீதி உயர்கிறது. வீட்டு முற்றம் தாழ்கிறது. மாரி வந்ததும் வெள்ளம் வீட்டுக்குள் நுழைகிறது. அடுத்த மாரியில் வீதியும் அரித்துப் போகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சூறையாடியபோது, வீதிகளும் பாலங்களும் பெயர்ந்து, ஊர்கள் நாட்கணக்கிற் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அத்தகைய பெருமழையின் சீற்றத்தை முழுதாகத் தடுக்கும் வீதி எங்குமில்லை. ஆயினும் மதகின் அகலமும் சரிவின் காப்பும் தூர்வாரிய வாய்க்காலும் எத்தனை ஊர்கள் துண்டிக்கப்படும், எத்தனை நாள் துண்டிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. புதிய வெள்ளத்தைப் பழைய மதகின் அளவால் அளக்க முனைவது சிக்கனமாகாது.

இரண்டாவது, உயிர்க்காப்பு. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நம் வீதிகளில் மாள்கின்றனர். 2025 மே 11 ஆந் தேதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்திற் பாய்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு விபத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். சாரதி பிழை விடலாம், யந்திரம் பிழை விடலாம். ஆனால் பிழைக்கு மரண தண்டனை விதிக்கும் வீதி நாகரிக சமுதாயத்துக்கு ஏற்றதன்று. சுவீடனின் பாராளுமன்றம் 1997 இல் ஏற்றுக்கொண்ட கொள்கை இதுவே. மலைவீதியின் வெளிவளைவில் உறுதியான தடுப்புவேலி, பாடசாலை வாயிலில் வேகத்தடை, நடந்து செல்வோர்க்கு ஓர் ஓரப்பாதை ஆகியவற்றின் செலவு ஒரு மேம்பாலத்தின் செலவுடன் ஒப்பிடுகையில் தூசு. அத்தூசுக்குத்தான் எப்போதும் பணம் போதாமற் போகிறது.

மூன்றாவது, பராமரிப்பு. உலக வங்கி 1988 இல் வெளியிட்ட அறிக்கையொன்று, 85 வளர்முக நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறு கோடி டொலர் பெறுமதியான வீதிகள் இருபதாண்டுகளிற் கவனிப்பின்றி அழிந்தன என்றது. ஆயிரத்து இருநூறு கோடிக்குட்பட்ட பராமரிப்புச் செலவால் அவ்வழிவைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது கூறிற்று. அவ்வங்கியின் நிபந்தனைகளைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு. ஆனால் புதிய வீதிகளுக்குக் கடன் கொடுத்து வந்த நிறுவனமே எழுதிவைத்த வாக்குமூலம் இது. மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் ஏறத்தாழ நான்கு ரூபா அழிந்தது. குழியை அடைப்பதற்கு நாடாவெட்டும் விழா இல்லை. ஆகவே அமைச்சருக்கு அதில் ஆர்வமில்லை.

நான்காவது, சுமைக் கட்டுப்பாடு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்தப்பட்ட பெரும் பரிசோதனை, வண்டியின் அச்சுச்சுமை வீதிக்குச் செய்யும் சேதம் ஏறத்தாழச் சுமையின் நான்காம் அடுக்குக்கேற்ப வளரும் என்று காட்டிற்று. சுமை இரட்டித்தாற் சேதம் பதினாறு மடங்கு. அளவுக்கு மிஞ்சி மணலும் கல்லும் ஏற்றிச் செல்லும் லொறியின் முதலாளி தன் இலாபத்தைச் சட்டைப்பையில் இடுகிறார். பதினாறு மடங்கு சேதத்தைப் பொதுமக்கள் தலையில் இடுகிறார். நிறுவைப் பாலமொன்றையும் நேர்மையான ஓர் உத்தியோகத்தரையும் வைப்பதிலும் மலிவான வீதித்திட்டம் வேறுண்டோ?

நம்மவர் சிலர் எழுப்பும் ஓர் ஆட்சேபத்தை இங்கு மதித்து ஆராய்தல் கடமையாகும். போதுமான தரம் என்று பேசுவது, உழைக்கும் மக்களுக்கு இரண்டாந்தர வீதியே போதும் என்ற பிரபுத்துவ வாதத்துக்குத் துணைபோகாதா, வடக்குங் கிழக்கும் மலையகமும் ஏற்கெனவே புறக்கணிக்கப்பட்டிருக்க அவற்றுக்குச் சிக்கனம் உபதேசிப்பது நீதியா என அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இதற்கு நமது விடை, சிக்கனம் உச்சியிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்பதே. தோட்டத்து லயத்துக்குச் செல்லும் பாதையின் தாரில் அரை அங்குலத்தைக் குறைப்பதை நாம் சிக்கனம் என்று ஏற்கமாட்டோம். அம்புலன்ஸ் வண்டி மாரியிலுங் கோடையிலும் லயத்தின் வாசல்வரை வரக்கூடிய பாதை நாம் விட்டுக்கொடுக்க முடியாத அடித்தளம். அந்த அடித்தளத்தை நாடெங்கும் இட்ட பின்னர் எஞ்சும் பணமே வேகத்துக்கும் ஆடம்பரத்துக்கும் உரியது. இன்று நடப்பதோ இதன் தலைகீழ். ஆடம்பரத்துக்குப் போக எஞ்சுவதே அடித்தளத்துக்கு வருகிறது.

அதிவேக நெடுஞ்சாலை எதுவுமே வேண்டா என்று நாம் வாதிடவில்லை. பெருந்தொகையான வண்டிகள் நெருக்குண்ணும் தடத்துக்கு அது தேவையாகலாம். ஆனால் வரிசையும் காலமும் கணக்கிடப்படுதல் வேண்டும். மத்திய அதிவேக நெடுஞ்சாலையை நோக்குக. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையிலான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதனைக் கொழும்பின் வலையமைப்போடு பொருத்தவேண்டிய கடவத்தை–மீரிகமப் பகுதியின் வேலையோ நெருக்கடியில் நின்றுபோய், 2025 செப்டம்பரிலேதான் மீண்டுந் தொடங்கிற்று. தலை பொருந்தாத உடலாக ஒரு வீதி ஆண்டுக்கணக்கிற் கிடந்தது. பாதியில் நிற்கும் வீதியே உலகில் விலைகூடிய வீதி. வட்டி ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. கையிலுள்ள பணத்துக்கேற்ப ஒவ்வொரு கட்டமும் தன்னளவிற் பயன்தரும்படி வகுத்து, எதிர்கால விரிவுக்குக் காணியை மட்டும் இன்றே ஒதுக்கிவைத்தலே அறிவுடைமை.

இவ்வெளிய உண்மைகள் நமது பொறியியலாளர்களுக்குத் தெரியாதவையா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடைமுறைக்கு வராமைக்குக் காரணம் இலாபத்தின் ஒழுங்கமைப்பாகும். ஆலோசகரின் கூலி மொத்தச் செலவின் விகிதமாக அமையும் இடத்தில், செலவைக் குறைக்கும் ஆலோசகர் தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்கிறார். கடன் தரும் நாட்டின் கம்பனியே ஒப்பந்தத்தையும் பெறவேண்டும் என்ற நிபந்தனை உள்ள இடத்தில், விலைமனுப் போட்டி பெயரளவாகிறது. தேர்தலுக்குமுன் திறந்துவைக்கவேண்டிய அவசரம் உள்ள இடத்தில், மண் இறுகுவதற்குக் கூட அவகாசம் கொடுக்கப்படுவதில்லை. இச்சங்கிலியிற் பொதுமக்களின் பக்கம் நின்று, இது மிகை, இது போதும் என்று சொல்வதற்குச் சம்பளம் பெறும் ஒருவர் எங்கே?

அவ்விடத்தை நிரப்புவதற்கு நாம் முன்வருதல் வேண்டும். வெறும் ஆவேசத்தால் ஆவதொன்றில்லை. கணக்கு வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையிலிருக்கும் கருவி. ஊரில் ஒரு வீதிவேலை தொடங்கினால், அதன் வரைபடத்தையும் செலவு விபரத்தையும் எழுத்தில் கேட்போம். கணித ஆசிரியர் தம் மாணவரை ஒரு நாள் சந்திக்கு அழைத்துச் செல்லட்டும். எத்தனை பஸ், எத்தனை லொறி, எத்தனை சைக்கிள், எத்தனை பேர் கால்நடையாக என்று காலை முதல் மாலைவரை எண்ணட்டும். புவியியல் ஆசிரியர் மதகுகளின் அகலத்தையும், வெள்ளம் சென்ற வருடம் சுவரில் விட்டுச்சென்ற அடையாளத்தையும் அளக்கச் செய்யட்டும். அந்த எண்களோடு பிரதேச சபையின் கூட்டத்துக்குச் செல்வோம். இவ்வளவு பேர் நடக்கிற வீதிக்கு நடைபாதை ஏன் இல்லை, இவ்வளவு வெள்ளம் வரும் இடத்தில் இவ்வளவு சிறிய மதகு எதற்கு என்று கேட்போம். இத்தகைய கேள்வியைப் புறக்கணிப்பது கோஷத்தைப் புறக்கணிப்பதுபோல் எளிதன்று.

1848 இன் கிராமவாசிக்கு வீதியின் வரைபடத்தைப் பார்க்கும் உரிமை இருக்கவில்லை. அவனுக்கிருந்தது கலகஞ் செய்யும் உரிமை ஒன்றே. அதற்கும் அவன் தன் இரத்தத்தால் விலை கொடுத்தான். நமக்கு எழுத்தறிவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, எண்ணக் கற்ற மாணவர் பரம்பரை ஒன்று இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் நாம் வாளாவிருப்போமாயின், அடுத்த கடனுக்கான மூன்று சிலிங்கை நமது பிள்ளைகளின் கையிலிருந்து பறிப்பதற்கு நாமே ஒப்பமிட்டவர்களாவோம்.